கோழியெருவும் உயிர்க்கரியும்

உழவை ஓர் அதிகாரமாக வகுத்துரைத்த திருவள்ளுவர், ஏரால் உழுவதினும் எருவிடுதலை மேலாக வைத்தார். யாழ்ப்பாணத்து உழவன் இவ்வுண்மையை நூலிற் கற்றதிலும் நிலத்திற் கற்றதே பெரிது. ஆறில்லாத நாட்டிற் கிணற்றுநீரை இறைத்து, வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளையும் தோட்டமாகச் செம்மண் தரையை அவன் மாற்றியமைத்தான். அதற்கு அவனுக்குத் துணைநின்றது எருவே. மாட்டுப்பட்டியையும் ஆட்டுப்பட்டியையும் தோட்டத்தில் அடைத்தான். பூவரசங் குழையையுங் கிளுவங் குழையையும் வெட்டி மண்ணிலே தாழ்த்தான். ஆயினும், எருக்கள் எல்லாவற்றுள்ளுஞ் சத்து மிக்கதாகிய கோழியெருவை மட்டும் அவன் அஞ்சியே கையாண்டான். "அது சூடு, பயிரை எரித்துவிடும்" என்பது தோட்டக்காரர் வாய்ச்சொல்.

இச்சொல்லிற் பொதிந்துள்ள உண்மை யாது? அச்சூட்டைத் தணித்து, அவ்வெருவின் சத்தைப் பயிருக்கே சேர்ப்பிக்கும் வழி யாது? இவற்றுக்கு இன்றைய விஞ்ஞானம் கூறும் விடைகளுள் ஒன்று கரி. அடுப்பில் எரிப்பதற்கன்றி, எருவோடு கலந்து மண்ணிற் சேர்ப்பதற்கென்றே செய்யப்படும் கரி உயிர்க்கரி எனப் பெயர் பெறும். 'பயோசார்' என்று பிறநாட்டார் வழங்குவதும் இதுவே. கோழியெருவோடு சேருமிடத்து இக்கரி என்ன செய்யும், என்ன செய்யாது என்பவற்றைத் தெரிந்துகொள்ளுதல் தோட்டக்காரருக்கு மாத்திரமன்றிக் கிணற்றுநீர் குடிக்கும் எல்லோருக்கும் பயன்படுவதாகும்.

எருவிலுள்ள செல்வம்

ஒரு முட்டைக்கோழி நாளொன்றுக்கு இடும் எச்சத்தில் ஏறத்தாழ ஒன்றரைக் கிராம் நைதரசன் உண்டு. அற்பமாகத் தோன்றும் இவ்வளவை நூறு கோழிகளுக்கும் ஓராண்டுக்கும் பெருக்கினால் ஏறக்குறைய 55 கிலோகிராம் ஆகும். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். ஆகவே, நூறு கோழிகளையுடைய ஒரு சிறுபண்ணை ஆண்டுதோறும் ஏறத்தாழ 120 கிலோகிராம் யூரியாவுக்கு, அதாவது 50 கிலோகிராம் கொண்ட மூடை இரண்டுக்கும் மேற்பட்டதற்கு, ஒத்த நைதரசனைத் தருகின்றது. பொசுபரசும் பொற்றாசியமும் கல்சியமும் இதற்கு மேலாம். 2021 மே மாதத்தில் இலங்கை அரசு செயற்கைப் பசளைகளின் இறக்குமதியைத் தடைசெய்தது; அவ்வாண்டு நவம்பரில் அத்தடையை நீக்கியது. ஒரு மூடை யூரியாவின் அருமையை நாடு முழுவதும் உணர்ந்த காலம் அது.

இனி, இச்செல்வம் முழுவதும் பயிரைச் சென்றடைகின்றதா எனின், இல்லை என்பதே விடை. திறந்த வெளியிற் குவித்து வைக்கப்பட்ட கோழியெரு, தன் நைதரசனிற் பாதியை, சிலபோது அதற்கும் மேற்பட்ட பங்கை, இழந்துவிடக்கூடும். அவ்விழப்புக்கு வாயில்கள் இரண்டு. ஒன்று மேல்நோக்கிக் காற்றுக்குச் செல்வது. மற்றது கீழ்நோக்கி நிலத்தடி நீருக்குச் செல்வது. இரண்டிடத்துஞ் செல்வம் நஞ்சாக மாறுகின்றது என்பதே இங்குக் கருதத்தக்கது.

காற்றுக்குச் செல்லும் பங்கு

பாலூட்டிகள் தம்முடலின் நைதரசக் கழிவை யூரியாவாக்கி நீரிற் கரைத்து வெளிவிடுகின்றன. பறவைகளோ அதனை யூரிக்கமிலமாக்கித் திண்மமாகவே கழிக்கின்றன. ஓட்டுக்குள் அடைபட்டு வளரும் குஞ்சுக்கு, நீரில் எளிதிற் கரையாத கழிவே தீங்கற்றது; ஆதலின் இயற்கை அவ்வழியை வகுத்தது போலும். கோழி எச்சத்தின்மேற் காணப்படும் வெண்படலம் இவ்யூரிக்கமிலமே. இதன் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் நைதரசன் அணுக்கள் நான்கு உள. நிறையால் மூன்றிலொரு பங்கு நைதரசன்.

எச்சத்தில் ஈரமும் வெப்பமும் சேர்ந்தவுடன் நுண்ணுயிர்கள் யூரிக்கமிலத்தைச் சிதைத்து யூரியாவாக்கி, யூரியாவை மீண்டுஞ் சிதைத்து அமோனியாவாக்குகின்றன. அமோனியா ஒரு காரமாதலின், எரு தானே காரத்தன்மை அடைகின்றது. இவ்விடத்திற் சிறிது கணக்கு வேண்டும். 25 பாகை வெப்பநிலையில், நடுநிலையான பி.எச். 7இல், அமோனியா நைதரசனில் நூற்றுக்கு ஒரு பங்குக்குங் குறைவானதே வாயு வடிவிலிருக்கும். எஞ்சியது அமோனியம் என்னும் அயனாக ஈரத்திலே தங்கியிருக்கும். பி.எச். 8 ஆனால், வாயுவின் பங்கு நூற்றுக்கு ஏறத்தாழ 5; 9 ஆனால், நூற்றுக்கு ஏறத்தாழ 36. எனவே, எரு காரமாகக் காரமாக, நைதரசன் பறந்தோடும் வேகமும் பன்மடங்காகின்றது.

ஈரம்பட்ட கோழிக்கூட்டுக்குள் நுழைவோரின் கண்ணையும் மூக்கையும் உறுத்துவது இவ்வாயுவே. கூட்டுக் காற்றில் அமோனியா பத்து இலட்சத்துக்கு 25 பங்குக்கு மேற்படலாகாது என்பது பண்ணையாளர் பொதுவாகக் கொள்ளும் எல்லை. அதனை மீறினாற் கோழிகளின் கண்கள் புண்படும்; மூச்சுக்குழலின் உட்புறத்தைத் துப்புரவாக்கும் நுண்மயிர்கள் கெட்டு நோய்கள் எளிதிற் பற்றும்; தீன் எடுப்பதுங் குறையும். அயல்வீட்டாரோடு பண்ணைக்காரருக்கு மூளும் வழக்குகளுக்குங் காரணம் பெரும்பாலும் இந்நாற்றமே. தோட்டக்காரர் கூறும் 'சூடு' என்பதும் இதனோடு தொடர்புடையது. புதிய கோழியெருவை அடியிலிட்ட பயிரின் மென்வேர் அமோனியாவாலும் உப்புக்களின் மிகுதியாலும் கருகுகின்றது.

கிணற்றுக்குச் செல்லும் பங்கு

காற்றுக்குத் தப்பிய அமோனியம் மண்ணை அடைந்தபின், அங்குள்ள பற்றீரியாக்கள் அதனை முதலில் நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. அமோனியம் நேரேற்றம் உடையது. களியும் உக்கலும் எதிரேற்றம் உடையன. ஆதலின் மண் அமோனியத்தை ஓரளவு பற்றிவைக்கும். நைத்திரேற்றோ எதிரேற்றம் உடையது. மண் அதனைப் பற்றாது. பயிரின் வேர் எடுத்தது போக எஞ்சியது, மழைநீரோடும் இறைத்த நீரோடுங் கீழிறங்கும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இஃது எளிய செய்தி அன்று. குடாநாட்டின் அடிப்பாறை சுண்ணக்கல். அதிலுள்ள வெடிப்புக்களும் குழிகளும் மழைநீரை விரைவிற் கீழே கொண்டுசெல்கின்றன. அவ்வாறு சென்ற நன்னீர், உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கின்றது. குடிப்பதும் குளிப்பதும் இறைப்பதும் அந்நீரே. ஐப்பசி முதலாகப் பெய்யும் மாரிமழையன்றி அதனை நிரப்புவது வேறில்லை. ஒருவர் தோட்டத்தில் மிகையாக இட்ட எரு அவர் கிணற்றில் மாத்திரமன்றி அயலார் கிணற்றிலும் போய்ச் சேர்கின்றது. 1980களிலும் அதன்பின்னரும் நடந்த ஆய்வுகள், தோட்டச் செய்கை மிக்க பகுதிகளிற் பல கிணறுகளின் நைத்திரேற்று உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையாகிய இலீற்றருக்கு 50 மில்லிகிராமைக் கடந்திருத்தலைக் காட்டின. மலசலகூடக் குழிகளுக்கும் செயற்கைப் பசளைக்கும் விலங்கெருவுக்கும் இதிற் பங்குண்டு. மணற்பாங்கான கற்பிட்டிக் குடாநாட்டிலும் இந்நிலையே காணப்பட்டது.

நைத்திரேற்றின் தீங்கை முதன்முதல் தெளிவாக எடுத்துக்காட்டியவர் அமெரிக்க நாட்டு அயோவா மாநிலத்து மருத்துவரான கொம்லி என்பவர். 1945இல் அவர், கிணற்றுநீரிற் கரைத்த மாப்பால் உண்ட கைக்குழந்தைகளின் உடல் நீலம் பாரித்தலைக் கண்டு, அதற்குக் கிணற்றின் நைத்திரேற்றே காரணமென எழுதினார். உடலிற் சென்ற நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி, குருதியிலுள்ள ஈமோகுளோபினைக் கெடுத்துவிடும். கெட்ட ஈமோகுளோபின் ஒட்சிசனைச் சுமக்காது. வளர்ந்தோர் இதனைத் தாங்குவர். சில மாதக் குழந்தை தாங்காது. நீரைக் காய்ச்சினால் நுண்ணுயிர்கள் இறக்கும். ஆனால் நைத்திரேற்று நீங்காது. நீர் ஆவியாகுந்தோறும் அதன் செறிவு கூடவே செய்யும்.

பிறநாட்டு அனுபவம்

கோழியெரு மிகுதியால் வருந் தீங்கை இலங்கைக்கு முன்னரே பேரளவிற் கண்ட இடங்களுள் ஒன்று, அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள டெல்மார்வாத் தீபகற்பம். டெலவெயர், மேரிலாந்து, வேர்ஜீனியா என்னும் மூன்று மாநிலங்களின் பகுதிகள் அதில் அடங்கும். இறைச்சிக் கோழிப் பண்ணைகள் அங்கு நெருங்கியுள்ளன. பயிருக்கு வேண்டிய நைதரசனைக் கணக்கிட்டுக் கோழியெருவை இட்டால், வேண்டியதினும் மிகுந்த பொசுபரசு நிலத்திற் சேர்ந்துவிடுகின்றது. அது மழைநீரோடு செசாப்பீக்கு விரிகுடாவிற் கலந்து, பாசியைப் பெருகச் செய்து, நீரின் ஒட்சிசனைக் குறைத்தது. 1997இல் அப்பகுதி ஆறுகளில் மீன்கள் இறந்தமை பெருங் கலக்கத்தை விளைத்தது. அடுத்த ஆண்டிலே, பண்ணையாளர் எருவைக் கணக்கிட்டே இடவேண்டுமென மேரிலாந்து மாநிலம் சட்டம் இயற்றியது. எருவைப் பயன்படுத்துதல் வேறு, எருவைத் தொலைத்தல் வேறு. இவ்வேறுபாட்டை மறந்த இடத்து நீர்நிலை கெடும் என்பதே டெல்மார்வா புகட்டும் பாடம்.

உயிர்க்கரியின் இயல்பு

மரம், சிரட்டை, உமி முதலிய சேதனப் பொருள்களைக் காற்று மிகக் குறைந்த இடத்தில் 350 பாகை முதல் 700 பாகை வரை சூடாக்கினால், அவற்றிலுள்ள நீரும் ஆவியாகுஞ் சேர்வைகளும் நீங்க, காபன் எஞ்சி நிற்கும். காற்றுத் தாராளமாகப் புகுந்தால் அக்காபனும் எரிந்து சாம்பலே மிஞ்சும். சாம்பல் உப்புக்களின் தொகுதி. கரியோ மரத்தின் நுண்குழாய்களும் அறைகளும் கலையாமல் நிற்கும் ஒரு கூடு. அக்கூட்டின் நுண்டுளைகளின் சுவர்களை எல்லாம் விரித்து அளக்கக்கூடுமாயின், நன்றாகச் செய்த கரியில் ஒரு கிராமின் பரப்பு சிலநூறு சதுரமீற்றர் ஆகும். பானைகளில் மணலுங் கூழாங்கல்லுங் கரியும் இட்டு நீர் வடித்த முன்னோர் இப்பண்பைப் பயனாற் கண்டவர்கள்.

மண்ணிற் கரியைச் சேர்த்தலும் புதிதன்று. தென் அமெரிக்காவின் அமேசன் ஆற்றுப் படுகையில், வளமற்ற மண்ணின் நடுவே, கருநிறமும் வளமும் மிக்க நிலத்துண்டுகள் ஆங்காங்கு உள. 'தெரா பிரேத்தா', அதாவது கருமண், என அந்நாட்டார் அதனை அழைப்பர். ஒல்லாந்த மண்ணியலறிஞர் சொம்புறூக்கு 1966இல் வெளியிட்ட அமேசன் மண்கள் பற்றிய நூலில் இதனை விரிவாக ஆராய்ந்தார். ஐரோப்பியர் வருமுன் அங்கு வாழ்ந்த மக்களின் குடியிருப்புக்களால் உண்டான மண் அது. அதிற் கரியுண்டு, கரியோடு மட்பாண்டத் துண்டுகளும் மீன் எலும்பும் கழிவுப் பொருள்களும் உண்டு. கரிமட்டும் அம்மண்ணை ஆக்கவில்லை. கரியுங் கழிவுஞ் சேர்ந்தே ஆக்கின. இக்குறிப்பு மேல்வரும் பகுதிக்குத் திறவுகோலாம்.

கரி எவ்வாறு பற்றுகின்றது

உயிர்க்கரி கோழியெருவில் மூன்று தொழில்களைச் செய்கின்றது. முதலாவது, ஈரத்தை உறிஞ்சுதல். படுக்கை உலர்ந்திருப்பின் யூரிக்கமிலத்தைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மந்தமாகும். அமோனியா பிறப்பதே குறையும். இரண்டாவது, பிறந்த அமோனியாவைத் தன் பரப்பிற் பற்றுதல். மூன்றாவது, எருக் குவியலினுட் காற்றோட்டத்துக்கு இடந்தருதல்.

இவற்றுள் இரண்டாவதே பலரால் வியந்து கூறப்படுவது. பிழையாகக் கொள்ளப்படுவதும் அதுவே. எல்லாக் கரியும் அமோனியாவை ஒரேயளவிற் பற்றுவதில்லை. அமோனியா காரம்; அதனைப் பிணிப்பது அமிலம். கரியின் பரப்பில் அமிலத்தன்மையுடைய ஒட்சிசன் கூட்டங்கள் எவ்வளவு உண்டோ அவ்வளவே அது அமோனியாவைப் பிணிக்கும். தாழ்ந்த வெப்பத்திற் செய்த கரியில் அவை மிகுதி. உயர்ந்த வெப்பத்திற் செய்த கரியிற் குறைவு. மேலும், புதிதாகச் செய்த கரி, அதன்கண் உள்ள சாம்பலினாற் பெரும்பாலுங் காரமாகவே இருக்கும். காரமான கரியை ஈரமான கோழியெருவில் மிகுதியாகக் கொட்டினால், பி.எச். உயர்ந்து அமோனியா முன்னையினும் விரைந்து பறக்கவுங் கூடும். ஆகவே, 'கரியிட்டால் நாற்றம் போகும்' என்பது எக்கரிக்கும் பொருந்தும் விதியன்று. நீரில் நனைத்துச் சாம்பலைக் கழுவி, சிலகாலம் காற்றுப்பட வைத்து ஆறவிட்ட கரி இத்தொழிலுக்குச் சிறந்தது. அமெரிக்கப் பண்ணைகளிற் சில, படுக்கையின்மேல் அலுமினியஞ் சல்பேற்றைத் தூவிக் காரத்தன்மையைக் குறைக்கின்றன. கரியைச் சிறிது அமிலப்படுத்தியபின் இடுதலும் அதே நோக்கத்தைக் கொண்டதாகும்.

தகுந்த கரியாற் பயனுண்டு என்பதற்குச் சான்றும் உண்டு. கிறித்தோப்பு சுதைனர் முதலியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பைன் மரச்சீவல்களிலிருந்து செய்த கரியைக் கோழிப்படுக்கை எருவோடு நிறையில் நூற்றுக்கு 20 பங்காகக் கலந்து உக்கவைத்தனர். வெளிவந்த காற்றில் அமோனியாவின் செறிவு நூற்றுக்கு 64 வரை குறைந்தது. மொத்த நைதரச இழப்பு நூற்றுக்கு 52 வரை குறைந்தது. இழப்பிற் பாதியைத் தடுத்தல் சிறிய காரியமன்று. மேற்காட்டிய நூறு கோழிப் பண்ணையின் எரு திறந்த குவியலிற் பாதி நைதரசனை இழப்பதாகக் கொண்டால், அவ்விழப்பிற் பாதியை மீட்டல் ஆண்டுக்கு ஏறத்தாழ 30 கிலோகிராம் யூரியாவை மீட்பதற்குச் சமமாகும்.

முதிர்ந்த கரியின் சிறப்பு

இதனினும் முக்கியமான ஒன்று பின்னர் வெளிப்பட்டது. யேர்மனியிற் காமன் அம்மையார் முதலியோர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், கினோவா என்னும் தானியப் பயிரை மூவகை மண்ணில் வளர்த்தனர். ஒன்றிற் கரி இல்லை. ஒன்றிற் புதிய கரி. மற்றொன்றிற் கூட்டெருவோடு சேர்ந்து முதிர்ந்த கரி. கரியில்லாத மண்ணின் விளைவை 100 என்று கொண்டால், புதிய கரியிட்டதன் விளைவு 60 ஆகக் குறைந்தது. கூட்டெருவில் முதிர்ந்த கரியிட்டதன் விளைவு 305 வரை உயர்ந்தது. கரி ஒன்றே, அது கடந்து வந்த வழியே வேறு.

இதன் காரணம் யாதெனின், புதிய கரி வெறும் பாத்திரம் போன்றது. வெறும் பாத்திரத்தை மண்ணிற் புதைத்தால், அது மண்ணிலுள்ள சத்தைத் தான் முதலில் வாங்கி வைத்துக்கொள்ளும். பயிர் பட்டினி கிடக்கும். கூட்டெருக் குவியலிற் கிடந்த கரியோ ஏற்கெனவே நிரம்பிய பாத்திரம். சேதனப் பொருள்கள் அதன் துளைச் சுவர்களின்மேல் நுண்ணிய படலமாகப் படிகின்றன. 2017இல் வெளியான ஓர் ஆய்வு அப்படலத்தை நுணுக்குக்காட்டிகளாற் கண்டறிந்து, சத்துக்களை நிறுத்திவைக்கும் ஆற்றலுக்கு அதுவே காரணமென விளக்கியது. காமன் குழுவினர் கண்டபடி, அவ்வாறு முதிர்ந்த கரி, மண் பற்றமாட்டாத நைத்திரேற்றையும் தன்னுட் பிடித்து வைத்திருந்தது. கழுவிய நீருக்கு எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் வேருக்குக் கொடுத்தது.

நைத்திரேற்றால் நலிந்த கிணறுகளை உடைய நாட்டுக்கு இம்முடிவு எத்துணை மதிப்புடையது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இதனாற் பெறப்படும் நெறி ஒன்றே: கரி முதலிற் கோழிக்கூட்டுக்குச் செல்லவேண்டும், அங்கிருந்து எருக்குவியலுக்குச் செல்லவேண்டும், அதன்பின்னரே தோட்டத்துக்குச் செல்லவேண்டும். இவ்வொழுங்கை மாற்றிப் புதிய கரியையும் புதிய கோழியெருவையும் தனித்தனியே மண்ணிற் கொட்டுபவர் இரண்டின் பயனையும் இழப்பர்.

செய்ம்முறை

கரிக்கென உயிர்மரத்தை வெட்டுதல் தகாது. சிரட்டை, பனை தென்னைகளின் காய்ந்த கழிவு, வேலி கதிகால்களை வெட்டும்போது மிஞ்சும் கொம்புகள், அரிசியாலை உமி என்பவை போதும். சிரட்டையும் கொம்பும் கூம்புவடிவான குழியில் எரிக்கத்தக்கன. அடியில் தீமூட்டி, மேற்பரப்பில் வெண்சாம்பல் தோன்றத் தொடங்கியவுடன் அடுத்த அடுக்கை இடவேண்டும். மேலெரியுஞ் சுவாலை காற்றிலுள்ள ஒட்சிசனை எடுத்துக்கொள்வதால் கீழுள்ள கரி எரியாது தப்பும். புகையுஞ் சுவாலையிலே எரிந்துபோகும். குழி நிரம்பியபின் நீரூற்றி முற்றாக அணைத்தல் வேண்டும். புகை கக்கும்படி மூடி எரிப்பது காற்றை மாசுபடுத்தும். மீதேனும் காபனோரொட்சைட்டும் வெளிப்படும்.

உமியைக் கரியாக்க, துளைகள் இட்ட தகரக் குழாயொன்றை நடுவே நிறுத்தி, அதனுள் தீயிட்டு, சுற்றிலும் உமியைக் குவித்தல் வேண்டும். உமி கருமையாகியதும், நரைத்துச் சாம்பலாகுமுன், பரப்பி நீர் தெளிக்கவேண்டும். உமியிற் சிலிக்கா மிகுதியாதலின் உமிக்கரியிற் சாம்பற்கூறுஞ் செறிவாயிருக்கும். சத்தைப் பற்றும் ஆற்றலிற் சிரட்டைக்கரியும் மரக்கரியும் அதனிலும் மேம்படலாம். ஆயினும் அது மலிவு; இடிக்க வேண்டுவதில்லை; ஈரத்தையும் நன்கு வாங்கும்.

சிரட்டைக்கரியைப் பயறளவாக உடைத்து, ஈரப்பதமாகவே கையாளவேண்டும். உலர்ந்த கரித்தூள் மனிதர் நுரையீரலுக்கும் கோழிகளின் மூச்சுக்குந் தீங்கானது. ஆழ்கூளப் படுக்கையில், உமியோ மரச்சீவலோ எதுவாயினும், கனவளவிற் பத்திலொரு பங்கு ஆறிய கரியைக் கலந்து தொடங்கலாம். தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றியுள்ள இடம் விரைவில் ஈரமாகுமாதலின், அங்குச் சிறிது மிகுதியாக இடுதல் நன்று. படுக்கையை இடையிடையே கிளறி, ஒழுகும் பாத்திரங்களைத் திருத்துதல் வேண்டும். கரி இட்டோமென்று கூரையொழுக்கை விட்டுவிடுதல் பயனற்றது.

கூட்டிலிருந்து எடுத்த படுக்கையைக் கூட்டெருவாக்குமிடத்து ஒரு தவறு நேர்வதுண்டு. எரு நன்கு உக்குவதற்குக் காபனும் நைதரசனும் 25 அல்லது 30க்கு ஒன்று என்னும் விகிதத்தில் இருத்தல் வேண்டும். கோழி எச்சத்திற் காபனின் விகிதம் பத்து அளவினதே. அக்குறையை நிரப்பக் கரியே போதுமென்று எண்ணலாகாது. கரியிலுள்ள காபனை நுண்ணுயிர்கள் எளிதில் உண்ணமாட்டா. நூற்றாண்டுகள் வரை அது மண்ணிலே நிலைத்து நிற்பதும் அதனாலேயே. ஆகவே கரியோடு வைக்கோல், சருகு, காய்ந்த புல் என்பனவும் வேண்டும். குவியலின் உள்வெப்பம் 55 பாகைக்கு மேற் பலநாள் நிற்கும்படியும், புறத்திலுள்ளது அகத்துக்கு வரும்படியும் புரட்டி வந்தால், சல்மனெல்லா முதலிய நோய்க்கிருமிகளும் களைவித்துக்களும் அழியும். வெப்பம் அடங்கி, நாற்றம் நீங்கி, மண்மணம் வந்தபின்னரே எரு முதிர்ந்ததாகும். குவியல் கிணற்றுக்குத் தொலைவில், மேட்டு நிலத்தில், கூரையின்கீழ் இருத்தல் இன்றியமையாதது.

எல்லைகள்

உயிர்க்கரியைப் புகழுமிடத்து அதன் எல்லைகளையுஞ் சொல்லுதல் வேண்டும். முதலாவதாக, கரி நைதரசனை நிறுத்திவைப்பதன்றி அழிப்பதில்லை. பயிர் வேண்டுவதினும் இருமடங்கு எருவை இடுபவர், கரி கலந்தமையாற் குற்றத்தினின்று நீங்கார். மிகை காலந்தாழ்த்துக் கிணற்றை அடையும். இரண்டாவதாக, நிலத்தின் இயல்பு நோக்கவேண்டும். மத்திய மலைநாட்டின் அமிலமண்ணுக்குக் கரியின் காரம் மருந்தாகலாம். சுண்ணக்கற் சார்பான குடாநாட்டு நிலத்துக்கு அதே காரம் வேண்டாத சுமை; சாம்பல் மிக்க புதிய கரியைப் பேரளவிற் கொட்டினால் இரும்பு, நாகம் முதலிய நுண்சத்துக்கள் பயிருக்குக் கிட்டாமற் போகலாம். எருவில் முதிரவிடுதல் இக்குறையையும் ஓரளவு தணிக்கும்.

மூன்றாவதாக, கோழியெருவோடு கரி கலத்தல் வேறு. கோழியெருவையே சுட்டுக் கரியாக்குதல் வேறு. இரண்டாவது முறையில் நைதரசனிற் பெரும்பங்கு தீயிற் போய்விடும். பொசுபரசும், தீனின் வழி வந்த செம்பும் நாகமும் செறிந்து நிற்கும். எரு மலைபோற் குவிந்து, அதனைத் தொலைவான நிலங்களுக்கு அனுப்பவேண்டிய டெல்மார்வா போன்ற இடங்களுக்கு அம்முறை தகுதியாகலாம். நைதரசனுக்காகப் பசளை மூடையை எதிர்நோக்கும் சிறுதோட்டக்காரருக்கு அது தகாது.

நான்காவதாக, காலம் அறிதல் வேண்டும். மாரி தொடங்குமுன் வெறுநிலத்திற் பரப்பிய எரு, எத்தகையதாயினும், வேரில்லாத நிலத்தில் மழைக்கே உணவாகும். பயிர் நிற்கும்போது, அதன் வளர்ச்சிக்கேற்பப் பலமுறையாகப் பகிர்ந்திடுதலே முறை.

முடிவு

கோழியெருவின் 'சூடு' என்பது அதன் குற்றமன்று. அதன் செல்வத்தின் மிகுதியே. அச்செல்வம் காற்றுக்குப் போனால் நாற்றம்; கிணற்றுக்குப் போனால் நஞ்சு; பயிருக்குப் போனால் உணவு. உயிர்க்கரி புதுச்செல்வம் எதனையும் படைப்பதில்லை. உள்ளதனைச் சிந்தாமற் கொண்டுசேர்க்கும் கலம் அது. கலத்தை நிரப்பி முதிரவைத்து, அளந்து, காலமறிந்து பயன்படுத்துவோர்க்கே அது உதவும். பல் துலக்க உமிக்கரியும், தோட்டத்துக்குக் குழையும் எருவும் வைத்திருந்த வீடுகளுக்கு இம்முறையின் உறுப்புக்களுள் எதுவும் அந்நியமன்று. அவற்றை ஒழுங்குபடச் சேர்ப்பதே புதிது.

இம்முறை நன்றாகக் கைக்கொள்ளப்பட்டதா என்பதை விளைந்த வெங்காயத்தின் நிறையாலன்றி, அத்தோட்டத்துக் கிணற்றுநீரின் நைத்திரேற்று அளவாலேயே மதிப்பிடல் வேண்டும். கல்லூரி ஆய்வுகூடங்களிலும் எளிய முறையில் அளக்கக்கூடியது அவ்வளவு. மாரிக்கு முன்னும் பின்னும் ஆண்டுதோறும் அளந்து குறித்து வருதல் மாணவர் கைக்கு எட்டாத பணியன்று. ஊர்க் கிணற்றைக் காத்தல் ஊரார் அனைவர்க்கும் பொதுவான கடன். எருவை அறிந்து இடுதல் அக்கடனின் முதற்கூறு.